இலாகா இல்லாத அமைச்சர் சொன்ன பதில்

வெர்லினா டோர்வில் அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகும் எங்கள் ஆன்ஸ் கோரல் குடாவில் யாருக்காவது நோய் முற்றினால் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். நெடுநெடுவென்று இருப்பாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேலி பேசுவாள். ஊரே பச்சைக் கட்சியாக இருக்க, அவள் ஒருத்தி மட்டும் தேர்தல் சமயத்தில் சிவப்புச் சட்டையோடு மீன் வாங்க வருவாள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊசி போடுகிற கையைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

ஒரு தேர்தலில் எங்கள் தீவின் பதினைந்து தொகுதிகளில் எட்டு பச்சைக்கும் ஏழு சிவப்புக்கும் போயின. ஜெயித்த எட்டுப் பேரையும் அமைச்சராக்குவதைத் தவிர பிரதமர் ரான்டால் கஸிமீருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒருவரை விட்டாலும் அவர் கோபித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்காரலாம், ஆட்சி அன்றைக்கே கவிழலாம். ஆகவே சாலைக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர், வாழைக்கு ஒருவர் என்று இலாகாக்களைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். சட்ட விஷயம் பார்க்க, நியமன உறுப்பினர்கள் இருக்கும் செனட் அவையிலிருந்து ஒரு வக்கீலை எடுத்துக்கொண்டார். ஆக பிரதமரையும் சேர்த்து மேஜையைச் சுற்றி ஒன்பது நாற்காலி.

அதில் ஒன்று எங்கள் ஊர் தியோஃபில் பாசிலுடையது. வலை இழுத்த கை. மீன்வளத்துறை பார்த்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் டொரொண்டோவில். பதவிக்கு வந்த இரண்டாம் வருடம் அவர் ஈரலில் கட்டி கண்டது. அறுத்துப் பார்த்த வைத்தியர் அப்படியே மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூட இருந்து பார்த்துக்கொள்ள வெர்லினா போனாள்.

போன முதல் நாளே அவர் கேட்டாராம்.

"சிவப்புக்காரி, உன் ஊசில விஷம் கிஷம் வச்சிருக்கியா?"

"விஷம் வாங்குற அளவுக்கு உங்க அரசாங்கம் எங்க பென்ஷன் குடுக்குது? பேசாம கையை நீட்டுங்க."

இப்படித்தான் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. காலையில் கோகோ தேநீர், மத்தியானம் மசித்த ஈரப்பலா, நடுவில் ஓயாத வாய்ச்சண்டை.

அவரால் கோப்பு பார்க்க முடியாமல் போனபோது மீன்வளத்துறையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஆனால் அவரை விடவில்லை. பிரதமர் தானே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, இலாகா இல்லாத அமைச்சராக இருந்தால் போதும், மேஜைக்கு வரவே வேண்டாம், தொலைபேசியில் பதில் சொன்னால் போதும் என்றார். அவர் போன பிறகு தியோஃபில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"உள்ள இருந்தா என் வாயைக் கட்டிப் போடலாம்ல," என்றார். "மந்திரின்னா எல்லாரும் ஒரே குரல்ல பேசணும். வெளிய விட்டா நான் என் குரல்ல பேசிடுவேன். அதான் பயம் அவனுக்கு."

பயப்படக் காரணமும் இருந்தது. எங்கள் குடாவைத் தூர்வாரி, பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கத் துறை கட்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்தது. அமைச்சரவையில் பிரதமரோடு சேர்த்து நாலு பேர் சரி என்றார்கள், நாலு பேர் கூடாது என்றார்கள். வழக்கமாக அங்கே கை தூக்கி எண்ணுவதில்லை. எல்லோரும் பேசி முடித்ததும் பிரதமர் எது முடிவு என்று சொல்வார், அது எல்லோருடைய முடிவாகிவிடும். இந்த முறை யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில், குடா தியோஃபிலின் தொகுதி, அவர் சொல்வதே முடிவு என்று பிரதமர் சொல்லிவிட்டார். கட்சியை மீறி தியோஃபில் பேசமாட்டார் என்பது அவர் கணக்கு.

அமைச்சரவை கூடி அவரைக் கேட்கவேண்டிய செவ்வாய்க்கிழமை வருவதற்கு முன்பே தியோஃபிலுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. செவ்வாய் விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் மூச்சும் நின்றது. வெர்லினா நாடி பார்த்தாள், குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டாள், சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். அவளுக்கு இது புதிதல்ல. கண்களை மூடினாள். தாடை தொங்காமல் துணிக்கீற்றால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பே-ரம் என்ற வாசனைத் தைலம் கலந்த தண்ணீரால் முகத்தைத் துடைத்தாள். வைத்தியருக்குச் சொன்னாள். காத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். சமையல்காரி பாதிரியாரை அழைக்க ஓடினாள். வீட்டில் வெர்லினாவும் அவரும் மட்டும்.

அப்போது கட்டிலோரத் தொலைபேசி அடித்தது.

சாவுச் செய்தியைச் சொல்லத்தான் எடுத்தாள். மறுமுனையில் அமைச்சரவைச் செயலாளர் அம்மாள் இவளைப் பேசவே விடவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள், அமைச்சர் பக்கத்தில் வையுங்கள், பிரதமர் பேசுகிறார் என்றாள். வெர்லினாவின் கை பழக்கத்தில் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியது, பிரதமரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. கப்பல் துறையைப் பற்றி நீளமாகச் சொல்லி, "என்ன தியோ, சரிதானே? ஒரு வார்த்தை சொல்லிடு," என்று முடித்தது.

வெர்லினா வாய் திறந்தாள். அவள் குரல் வருவதற்கு முன்னால் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"வேண்டாம் ரான்டி. என் தண்ணியைத் தொடாத."

நோய்க்கு முன்னால் இருந்த குரல். அலைச்சத்தத்துக்கு மேலே படகுக்குப் படகு கூப்பிடுகிற குரல். அவள் திரும்பிப் பார்த்தாள். உதடு அசையவில்லை. துணி கட்டியபடி இருந்தது, முடிச்சுகூடத் தளரவில்லை. கன்னத்தில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

தொலைபேசியில் செயலாளர் அம்மாளின் குரல், "நன்றி, அமைச்சரே," என்றது. அடுத்த விஷயம் என்று யாரோ சொல்வது தூரத்தில் கேட்டது. இணைப்பு அறுந்தது.

வைத்தியர் வந்தபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது போனார் என்று கேட்டார். தொலைபேசி வருவதற்கு முன்பே என்று உள்ளதைச் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். மற்றதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் பிரதமர் வந்தார், காவலரைக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டு. முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வைத்தியர் எழுதியபடி முன்பே இறந்திருந்தால் அந்தப் பதில் செல்லாது, முடிவைத் தானே எடுக்கலாம். பேசியது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் அவருக்கு.

"வீட்ல வேற யார் இருந்தா, மிஸ் வெர்லினா? நீங்க சிவப்பு. எனக்குத் தெரியும். யாரையாவது வச்சுப் பேச வச்சீங்களா?"

"நான் சிவப்புதான் சார். ஆனா பொணத்தை வச்சு அரசியல் பண்றவ இல்ல."

"அப்ப யார் பேசினது?"

"அவர்தான்."

"நீங்கதானே அதுக்கு முன்னாடியே போய்ட்டார்னு வைத்தியர்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா. போய்ட்டார். தாடையை நான்தான் கட்டினேன். அப்புறம்தான் பேசினார். உங்களை ரான்டின்னு கூப்பிடுறவங்க வேற யாராவது இருக்காங்களா சார்?"

பிரதமர் அந்தக் கட்டிலைப் பார்த்தார். விரிப்பை எடுத்திருந்தார்கள். மெத்தையில் உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. ரான்டி என்ற பெயர் பள்ளி நாட்களில் தியோஃபில் வைத்தது, பிரதமரின் தாயார் போன பிறகு தியோஃபிலைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று பின்னால் தெரிந்தது. பிரதமர் எழுந்து போனார். அடுத்த செவ்வாய் குடாவைத் தொடுவதில்லை என்று முடிவு சொன்னார். அவரோடு துறை வேண்டும் என்று நின்ற மற்ற மூன்று பேரும் வெளியே வந்து அதையே ஒரே குரலில் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குரலை அவர்களும் கேட்டிருந்தார்கள்.

தியோஃபிலின் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் பச்சை தோற்றது. ஆட்சி கவிழ்ந்து, பொதுத்தேர்தலில் சிவப்பு வந்தது. அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை. செனட் வழியாக உள்ளே கொண்டுவந்து சுகாதார அமைச்சர் ஆக்குகிறோம் என்று வெர்லினாவுக்கு ஆள் அனுப்பினார்கள். கார் வந்து நின்றதைத் தெருவே பார்த்தது. முடியாது என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இத்தனை வருடம் சிவப்புச் சட்டை போட்டது எதற்கு என்று நான் கேட்டேன். அவள் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவர் பேசினது எனக்குப் பெரிசா பயமா இல்ல," என்றாள். "அவருக்குச் சொல்ல வேண்டியது இருந்துச்சு, சொன்னார். போன்ல அந்தப் பக்கம் இருந்தவங்க நன்றின்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாங்க பாரு, அதை நினைச்சாத்தான் இன்னும் உடம்பு சிலிர்க்குது. அந்த மேஜைல ஒரு தடவை உட்காந்துட்டா, உயிர் இருக்கா போச்சான்னுகூட யாரும் பாக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகும் அவளைக் கூப்பிடாத வீடு இல்லை. சிலர் மட்டும், போனவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள் என்று தயங்கித் தயங்கி வருவார்கள். நான் நர்ஸ், தபால்காரி இல்லை என்று விரட்டிவிடுவாள். தியோஃபிலின் வீடு பூட்டியே கிடக்கிறது. டொரொண்டோவிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கவில்லை.