வெள்ளிமலையில் ஒரு 1939 ரூபாய்

பழைய காசு சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு கனவுக் காசு இருக்கும். எனக்கு 1939ஆம் வருட வெள்ளி ரூபாய். வெளியே வந்தவை மிகக் குறைவு. நல்ல நிலையில் கிடைத்தால் பேச்சு லட்சத்தில்தான். போன தை மாதம் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் படம் போட்டார். கறுப்புக் கயிற்றில் கோத்த ரூபாயின் பின்பக்கம். 19 தெரிகிறது, கடைசியில் 9 தெரிகிறது, இடையில் உள்ள எண் தேய்ந்திருக்கிறது. காசுக்குச் சொந்தக்காரர் வசந்தா, கச்சிராயபாளையத்தில் கூலி வேலை செய்பவர். மரவள்ளி பிடுங்க வெள்ளிமலைக்குப் போயிருந்தார். போனில் பேசியபோது, லீவு போட முடியாது, மேலே வந்துவிடுங்கள் என்றார்.

சனிக்கிழமை காலை 6.40க்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பது ரூபாய். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். கச்சிராயபாளையம் வரை இருபக்கமும் கரும்பு. அப்புறம் கோமுகி அணை. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மலை ஏற ஏறப் பனி பஸ்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முன் சீட்டுக்காரரின் தலை கரைந்து கரைந்து தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் எனக்குள் அந்தத் தேய்ந்த எண் மூன்றாகிக்கொண்டே வந்தது. மேகம் அருவிக்கா என்று கண்டக்டர் கேட்டார். ஒரு ரூபாய் பார்க்கப் போகிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

8.25க்கு வெள்ளிமலை. வசந்தா நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கையெல்லாம் மண். தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் ஒரு வீட்டைப் பற்றியே பேசினார். இன்னும் கட்டாத வீடு.

"வாசப்படி கெழக்கால இருக்கணும். ஜன்னல தொறந்தா டேம் தண்ணி தெரியணும். அவ்ளோதாங்க."

காசை ஐந்து லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் போனில் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதற்கு முன் பதிவுக் கட்டணமாக நாலாயிரம் அனுப்ப வேண்டுமாம், அன்று சாயங்காலத்துக்குள். அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று மத்தியானம் கம்மலை அடகு வைக்க அவர் கீழே இறங்குவதாக இருந்தார். எதற்கும் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்றுதான் என்னை வரச் சொல்லியிருக்கிறார்.

மரவள்ளிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். காசு வெதுவெதுப்பாக இருந்தது. லென்ஸே தேவைப்படவில்லை. திருப்பினால், இங்கிலாந்து ராஜாவுக்குத் தாடி. 1939 ரூபாயில் இருப்பவர் இவருடைய மகன், அவருக்குத் தாடி கிடையாது. 1929இல் வெள்ளி ரூபாய் அடிக்கவே இல்லை. அப்படியானால் தேய்ந்த எண் ஒன்று. 1919இல் அடித்த ரூபாய் ஏராளம். போதாக்குறைக்குக் கயிறு கோக்க வளையம் பற்றவைத்திருந்தது. சேகரிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். கிடைப்பது வெள்ளியின் எடைக்கான விலைதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தா காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அப்ப இத்த வெச்சி வூடு வராதுங்களா?"

வராது என்றேன். காசு வாங்குகிறவன் விற்கிறவரிடம் பணம் கேட்கமாட்டான் என்றும் சொன்னேன். வசந்தாவின் கை கம்மலுக்குப் போனது. சற்று நேரத்தில் அந்த ஆளே போன் செய்தான்.

"நான் இங்கதான் வேல செஞ்சிக்கினு இருக்கேன். நீயே வந்து துட்ட குடுத்துட்டு எடுத்துக்கினு போ," என்றார். அவன் லைனைத் துண்டித்துவிட்டான். வேலையாட்களில் இன்னும் இரண்டு பெண்களிடமும் அவன் இதேபோல் பழைய காசுக்குப் பேசியிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர்களும் பிழைத்தார்கள்.

திரும்பி நடக்கும்போது வசந்தா கேட்டார்: "நெசமாவே அது லச்ச ரூபா காசா இருந்தா, எங்கிட்ட சொல்லிருப்பீங்களா?"

என் பையில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. அதற்கே வாங்கிவிடலாம் என்றுதான் மலை ஏறியிருந்தேன்.

"தெரியலைங்க," என்றேன்.

 பஸ் வரும்வரை வசந்தா கூடவே நின்றார்.

போகிறவர்களுக்கு: தை மாதம் ஸ்வெட்டர் அவசியம். இறங்கும் பஸ்சின் நேரத்தை ஏறும்போதே கேட்டுவையுங்கள். பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், வளையம் பற்றவைக்காதீர்கள். விற்பதற்கு முன்பணம் கேட்பவனை நம்பாதீர்கள். வாங்கப் போகிறவர் என்றால், காசின் உண்மையான விலையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பேரத்தை ஆரம்பியுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் தடவை நாக்கு எழவே இல்லை.