நடுங்கும் கைக்கு ஒரு வெல்டிங் மெஷின்

வீட்டு வேலைக்கு மலிவான வெல்டிங் மெஷின் வாங்க கொல்கத்தா கார்டன் ரீச்சில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ராடிலும் செய்யலாம், கம்பிச் சுருளிலும் செய்யலாம் என்கிற மெஷின் அது. எனக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மாள் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார். பருத்திப் புடவை, கையில் பெரிய தோல் கையுறை.

முதலில் ராடைப் பிடித்தார். கை நடுங்கியதில் அது இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு கம்பி தானாக வரும் துப்பாக்கி போன்ற பிடியை எடுத்தார். கை நடுங்கியும் இரண்டு தகடுகள் கோணல்மாணலாகச் சேர்ந்துவிட்டன.

"பயப்படாதீங்கம்மா, பழகிடும்" என்றேன்.

"பயமில்ல தம்பி, நானாத்தான் ஆட்டுறேன். எங்க வீட்டுக்காரர் வெல்டர். இப்ப அவருக்குக் கை இப்படித்தான் ஆடுது. வேலைய விட்டதுலேர்ந்து யாரோடயும் பேசுறதில்ல."

"மெஷின் வாங்கப்போறது அவருக்குத் தெரியுமா?"

"சொன்னா வேணாம்பாரு. ஆடுற கையால ஒட்டின இந்தத் தகட்டக் காட்டினா ஒருவேளை மெஷினத் தொட்டுப் பார்ப்பாரு."

"இதையே குடுங்க அண்ணே" என்று கடைக்காரரிடம் வங்க மொழியில் சொல்லிவிட்டு, சேர்ந்த தகடுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் அதே மெஷினைத்தான் வாங்கினேன். அந்த நடுக்கத்தை அப்படியே தன் கையில் கொண்டுவர, எத்தனை நாள் கணவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் அந்த அம்மாள்!