அம்மாவுக்கு உடம்பு மோசம்

பரணில் புகையில் காயப் பரப்பிய பூண்டுக்கு அடியில் பச்சை விறகு புகைந்துகொண்டிருக்க, எரியும் கண்ணைத் துடைத்துத் துடைத்து அப்பா அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். எங்கள் மலைக் கிராமமான பூண்டியில் அப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு வந்த கடிதம் ஊருக்கே வந்ததுதான். ராணுவத்திலிருந்து என்றால் கேட்கவே வேண்டாம். இந்தியா அனுப்பிய படையோடு என் அண்ணன் இலங்கையின் உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே இருந்தான். நான் பள்ளிச் சிறுவன்.

'பனங்காட்டுக்குள்ள கெடந்தோம். ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்டோம். எதிர்ல விழுந்தவன் பொழுது சாயிற வரைக்கும் அம்மா, அம்மான்னு கத்துனான். என்ன சொல்றான்னு கூட இருந்தவங்க கேட்டாங்க. அங்க தமிழ் தெரிஞ்ச எனக்கு மட்டுந்தான் அது வெளங்குச்சு. அம்மாவுக்கு உடம்பு மோசம்னு வெரசா ஒரு தந்தி அடிங்கப்பா. லீவு குடுப்பாங்க.'

"ஏலே, பூண்டு மூட்டை தூக்கச் சொன்னா ஓடி ஒளிஞ்ச பயலா துப்பாக்கி தூக்குறான்!" என்று சின்னய்யா தொடையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் எழுந்தாள். "இன்னைக்கே கொடைக்கானல் போயி அடிங்க. நான் செத்தேன்னு வேணும்னாலும் அடிங்க."

"நல்லாருக்கிற மனுசிக்கு நோவுன்னு எழுதுனா பலிச்சிரும் மதினி" என்றார் சின்னய்யா. பெரியவர்கள் கூடி, சாமியிடம் 'பூக் கேட்பது' என்று முடிவு செய்தார்கள். இலையில் மடித்து வைத்த இரண்டு பொட்டலங்களில் வெள்ளைப் பூ வந்தால் தந்தி, சிவப்பு வந்தால் கிடையாது. சிவப்பு வந்தது. அப்பா பழனிக்குப் போய்த் திருநீறும் பஞ்சாமிர்தமும் வாங்கி அண்ணனுக்குப் பார்சல் அனுப்பினார்.

அண்ணன் இறந்த சேதி முதலில் வந்தது. பின்னாலேயே அந்தப் பார்சல், பிரிக்கப்படாமல். அம்மா அந்தப் பஞ்சாமிர்தத்தை யார் நாக்கிலும் படவிடாமல் தோட்டத்தில் புதைத்தாள்.

சண்டைக்கு அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பெற்ற பிள்ளை கெஞ்சிக் கேட்டதைப் பூவிடம் கொண்டுபோய்க் கேட்டவர்கள் மேல் இருக்கும் ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. அதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள். 'பயந்து ஓடி வந்துட்டான்' என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான் அன்று சாமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

பரண் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி நிற்கிறது. தந்தியே இல்லாமல் போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே 'வீரமரணம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகன் ராணுவத் தேர்வுக்காகத் தினமும் வெள்ளனே கூக்கால் சாலையில் ஓடுகிறான். "பெரியப்பன மாதிரியே வருவான்" என்று ஊர் தட்டிக்கொடுக்கிறது.

"பெரியப்பா சண்டையில எப்படிப்பா செத்தாரு?" என்று நேற்று கேட்டான்.

"லீவு கேட்டுச் செத்தாருடா" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு ஓடத்தான் கிளம்பினான். வாசல் வரை போய் நிறுத்தினேன்.

"நீ எப்ப வீட்டுக்கு வரணும்னு சொன்னாலும் கூட்டியார நான் வருவேன். எந்தச் சாமியையும் கேக்க மாட்டேன்."