மச்சான் நம்பிய டிவிடெண்ட்

“…அதுக்குன்னு, ரீஃப் மெலிஞ்சிபோச்சின்னா எவனாச்சும் கேஜ் ஏறி மேல வந்துடுவானா மாப்ள? இன்னும் ரெண்டடி உள்ள போனா தடியா மாட்டும்.”

ஸ்டேஷனில் பெங்களூர் போக பங்காருபேட்டை வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னது இது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வாலிபத்தில் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு, தினமும் ரயிலில் போய்வந்து, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். பாறைக்குள் தங்கம் ஓடும் கோடுதான் ரீஃப்; ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு கேஜ். ஆனால் அன்று அவர் பேசியது ஷேரைப் பற்றி.

வருஷா வருஷம் டிவிடெண்டை ஏற்றிக்கொண்டே வந்த பழைய கம்பெனி ஒன்று. அந்தக் கட்டடத்தில் யாரோ சொல்லி, மிச்சம் பிடித்ததையெல்லாம் அதில் போட்டு வந்தார். “வெல ஏறுனா இன்னா, எறங்குனா இன்னா, நான் விக்கவா போறேன்? டிவிடெண்ட் ஏறுதா, அத்த சொல்லு” என்பார். அது ஏறி ஏறிச் சம்பளத்தைத் தொடும் நாளில் இந்த வேலையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. முட்டி இரண்டும் போய்விட்டன. நெஞ்சில் வேறு சுரங்கத்துத் தூசி.

பிறகு விலை சரிந்தது. போன வருஷத்து டிவிடெண்டைச் சரிந்த விலையோடு வைத்துப் பார்த்தால் கொழுத்துத்தானே தெரியும்? மற்றவர்கள் விற்றுவிட்டு ஓடியதால் வந்த கொழுப்பு அது. மச்சானுக்கோ விலை சரிந்தது ரீஃப் மெலிந்த இடமாகப் பட்டது. அங்கேதான் விடாமல் குடைய வேண்டும் என்று பழகிய உடம்பு. சுரங்கம் மூடியபோது வந்து பேங்கில் கிடந்த செட்டில்மெண்ட் பணத்தையும் எடுத்துப் போட்டார். பாதியையாவது விற்றுவிடுங்கள் என்றேன். நான் சுரங்கத்தில் மேலே, ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். “நீ சர்ஃபேஸ் ஆளு மாப்ள, பாறையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்” என்று சிரித்தார்.

இந்த வருஷம் டிவிடெண்டே கிடையாது என்று, நாங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததற்கு முந்தின நாள் கம்பெனி சொல்லிவிட்டது. கடனைக் கட்டவே காசில்லையாம். இனி விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது.

“அடுத்த வருஷம் குடுப்பான் இல்ல?” என்றார்.

“எனக்குத் தோணல மச்சான்.”

அவருடைய சீசன் டிக்கெட் முடிந்திருந்தது. எப்போதும் ஒரு மாதத்துக்குத்தான் எடுப்பார், நடுவில் வேலையை விட்டுவிட்டால் வீணாகிவிடுமே என்று. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கவுண்டருக்குப் போனார். மூன்று மாதத்துக்கு எடுத்தார்.