நடுத்தரமான ஆபத்து

ஊரில் பாதிப் பேருக்கு அந்த மெத்தைக்கடை விற்பனையாளரின் முகம் தெரியும். ஆனால் அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் விளம்பரப் பலகைதான் அதற்குக் காரணம். விளம்பரத்துக்குத் தனியாக ஆள் பிடிக்க மனமில்லாத முதலாளி, ஒரு மதிய வேளையில் இவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இதுல படுத்துக்கய்யா, ஒரே ஒரு படம்" என்றார். படம் எடுக்க வந்தவர் விளக்குகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் இவர் நிஜமாகவே தூங்கிப்போனார். கன்னத்துக்குக் கீழே கை, லேசாகத் திறந்த வாய். இப்படி அசல் தூக்கத்தை எந்த நடிகனாலும் தந்திருக்க முடியாது என்று முதலாளி இன்றைக்கும் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'தூக்கக்காரர்'. பேருந்தில் ஏறினால் நடத்துநர், "நிம்மதியா தூங்குங்க சார், இடம் வந்தா எழுப்பி விடறேன்" என்பார். வங்கியில் காசாளர் இவரைப் பார்த்ததும் கொட்டாவி விடுவார். விட்டுவிட்டு மன்னிப்பும் கேட்பார். இதையெல்லாம் அவர் சிரித்தே சமாளித்து வந்தார். ஆனால் ஒரு கல்யாண வீட்டில், அழுதுகொண்டிருந்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா நேராக இவரிடம் வந்து, "பாத்தியா, இந்த மாமா மாதிரி சமர்த்தா தூங்கணும்" என்றபோது, அவரால் சிரிக்க முடியவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தி, இவரை உற்றுப் பார்த்து, கண்ணைக் கசக்கியது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். "இந்த லீவுக்கு நாம சாகசப் பயணம் போறோம்."

அவரைத் தவிர மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர். மனைவி, பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகலெல்லாம் பிறருடைய எலும்புகளைப் பார்த்துப் பார்த்து, நடக்கிற மனிதர்களை எல்லாம் இன்னும் உடையாதவர்கள் என்ற அளவில் மட்டுமே மதிப்பவள். அடுத்து, கல்லூரியில் படிக்கும் மகள். அப்புறம் இவர்களோடேயே தங்கியிருக்கும் மாமனார், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர்.

"அங்க சிக்னல் இருக்குமாப்பா?" என்றாள் மகள்.

"வண்டியை யாரு ஓட்டறது?" என்றார் மாமனார்.

மனைவி மட்டும் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள். "சாகசம்னா என்னங்க?"

"மலை ஏறலாம்."

"கணுக்கால்."

"சரி, பனியில சறுக்கிட்டுப் போறது?"

"முழங்கால். போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. அவர் பாதம் பின்னாடி பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"ஆத்துல ரப்பர் படகு விடறாங்களாம்."

"தோள்பட்டை," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்துல இருக்கறவரோட துடுப்பு பட்டா முன்பல்லு," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. குதிரைச் சவாரிக்கு இடுப்பெலும்பு. பாராசூட்டுக்கு அவள் கையைத் தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை இறக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். அவர் எந்த ஆசையைச் சொன்னாலும் அதற்கு ஒரு எலும்பு தயாராக இருந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

அங்கே ஓர் இளம்பெண் கணினித் திரையை இவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மென்மையான குரலில் கேட்டாள். "உங்களுக்கு எந்த அளவுக்கு ஆபத்து வேணும் சார்? லேசாவா, நடுத்தரமாவா, கடுமையாவா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். இது அவருடைய கேள்வி. மெத்தை மெதுவாக வேணுமா, நடுத்தரமா, கெட்டியா என்று இதே குரலில், இதே தலைச்சாய்ப்போடு எத்தனை வருஷமாகக் கேட்டு வருகிறார். மெதுவாக வேண்டும் என்று சொல்ல ஜனங்கள் வெட்கப்படுவார்கள், கெட்டியானதில் யாராலும் தூங்க முடியாது, ஆகவே எல்லாரும் நடுவில் வந்து விழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் இருப்பதில்தான் கடைக்கு லாபம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவர் வாய், "நடுத்தரமா" என்றது.

அவள் முதலில் ஒரு பாறை உச்சியிலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிப்பவர்களின் படத்தைக் காட்டினாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அடுத்து, வயதானவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கும் படம். அவருக்கு மானம் போனது. இரண்டையும் மூடிவிட்டு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல ஒரு குகையின் படத்தைத் திறந்தாள். "இது உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு சார்," என்றாள். ஒரு சமையல்காரர் இன்னொருவர் கைப்பக்குவத்தை ருசி பார்ப்பதுபோல, தான் விற்கப்படுவதை அவர் ரசித்துக்கொண்டிருந்தார். எழுந்து போயிருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பெண் சட்டென்று அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க அந்த பஸ் ஸ்டாண்ட் எதிர்ல..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல், கையால் வாயை மறைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். அந்த நிமிஷமே நான்கு பேருக்குப் பதிவு செய்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவியின் கரண்டி பாதி வழியில் நின்றது. யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள்.

"குகைக்குப் போயி அடிபட்டுச்சுன்னு இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட வந்ததில்லையே."

"பாத்தியா," என்றார் அவர் வெற்றியோடு.

"வெளிய வந்தாத்தானேங்க எங்ககிட்ட வருவாங்க."

ஆனாலும் அவளால் ஓர் எலும்பின் பெயரைச் சொல்ல முடியவில்லை. பணமும் கட்டியாயிற்று. "சரி, நானும் வரேன், பக்கத்துல ஆள் வேணும்ல," என்று ஒத்துக்கொண்டாள்.

குகைக்காரர்கள் அனுப்பிய குறிப்பில் ஒரு வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே ஓர் இடத்தில் தரையோடு தரையாக ஊர்ந்து போக வேண்டும், அதனால் வருகிறவர்கள் வீட்டிலேயே ஒரு நாற்காலிக்கு அடியில் நுழைந்து பழகிப் பார்ப்பது நல்லது. அவர் கூடத்தில் மண்டியிட்டு, படுத்து, நாற்காலிக்கு அடியில் நுழைந்தார். நுழைந்த அளவில் சரிதான், வெளியே வரும்போது நாற்காலியும் கூடவே வந்தது. மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி, நாற்காலி ஒன்று சமையலறைப் பக்கம் நகர்ந்து போவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் மானம் போவது போதும் என்று அவர் பயிற்சியைக் கடைக்கு மாற்றினார். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் கிடங்குக்குப் போவார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெத்தைகள். இரண்டுக்கு நடுவே தலையைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, மெல்ல மெல்ல உள்ளே போய்ப் பார்ப்பார். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் ஒரு நாள், மேலே இருந்த ஸ்பிரிங் மெத்தை இடுப்பில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளியின் குரல் கேட்டது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்றுக்கு அவர் சரக்கைக் காட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். பேச்சு பக்கத்தில் வந்து, நின்றது.

"இதுக்குள்ள ஆளோட கால் தெரியுதே," என்றது ஒரு பெண் குரல்.

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. "நம்ம ஆளுதாம்மா. தரம் சோதிக்கறாரு. எங்க கடையில இப்படித்தான்."

"உள்ள எப்படி இருக்கு சார்?" என்று அந்தப் பெண் குனிந்து கேட்டாள்.

மெத்தைகளுக்கு நடுவிலிருந்து அமுங்கிய குரலில் பதில் வந்தது. "நல்லா தாங்குது மேடம்."

மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளி இவரைக் காலைப் பிடித்து இழுத்துப்போட்டுவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை இப்படிப் பண்ணலாமாய்யா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

பயண நாளும் வந்தது. வேனில் மாமனார் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தன் காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். குகை வாசலில் பென்சில் மாதிரி ஒரு பெண் வழிகாட்டியாக நின்றிருந்தாள். எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் முழு உடையும், நெற்றியில் விளக்கு வைத்த ஹெல்மெட்டும் கொடுத்தாள். மாமனார் வெளியே இருந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

"ஐயா, உள்ள வழி ரொம்பக் கஷ்டமா இருக்கும்," என்றாள் வழிகாட்டி.

"நான் ஓட்டின ரோட்டையெல்லாம் நீ பாத்ததில்லம்மா," என்றார் மாமனார்.

சொன்னதுபோலவே, அந்தக் குறுகலான இடம் வந்தபோது அவர் தபால் பெட்டியில் போட்ட கடிதம்போல உள்ளே நழுவிப் போய்விட்டார். அவருக்கு முன்னால் வழிகாட்டியும் மகளும் போயிருந்தார்கள். அடுத்தது இவர். யாருக்கு எது உடைந்தாலும் பார்க்க வசதியாக மனைவி கடைசியில் வந்தாள்.

தலை போனது, தோளும் போனது, மார்பு நின்றுவிட்டது.

மெத்தையாக இருந்தால் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். இந்தப் பாறை எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முதுகிலும் கல், நெஞ்சிலும் கல், மூக்குக்கு நேராக மண். அவர் காலை உதைத்துப் பார்த்தார். உதைக்க இடமில்லை.

"அப்பா, எங்க இருக்கீங்க?" என்று மகள் மறுபக்கத்திலிருந்து கேட்டாள்.

"பாதி வந்துட்டேம்மா."

"சார், பதறாதீங்க, உடம்பைத் தளர்வா விடுங்க," என்றாள் வழிகாட்டி.

பதறாதே என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உண்மையாகவே பதற்றம் வந்தது. பயத்தில் மூச்சை இழுத்தார். இழுக்க இழுக்க மார்பு விரிந்தது, விரிய விரியப் பாறை இறுக்கியது. நடுத்தரம் என்று சொன்ன தன் வாயை அவர் மனதார நொந்துகொண்டார். ஏரிக்கரையில் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தவர்கள் கண்முன் வந்தார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் கணுக்காலைப் பிடித்தது. அப்புறம் ஒரு குரல். வீட்டில் கேட்கிற குரல் இல்லை அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வருகிற ஆஸ்பத்திரிக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"ஐயா, இப்ப நான் சொல்ற மாதிரி செய்யுங்க. மூச்சை வெளிய விடுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. அவர் விட்டார்.

"இன்னும் உள்ள இருக்கு, அதையும் விடுங்க. முழுசா. ஆங், இப்ப அப்படியே நிறுத்திக்கங்க. நகருங்க."

நகர்ந்தார். நெஞ்சு கல்லில் உரசிக்கொண்டே போய், சட்டென்று இடம் கிடைத்தது. மகளும் வழிகாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள். எழுந்து உட்கார்ந்து பார்த்தால், மாமனார் உட்பட எல்லாரும் அசையாமல் விறைப்பாக இருந்தார்கள். பின்னால் தவழ்ந்து வந்து சேர்ந்த மனைவி தலையை நீட்டி, "போதும், எல்லாரும் மூச்சு விடலாம்," என்ற பிறகுதான் அங்கே மூச்சே வந்தது.

அந்த இடம் ஒரு பெரிய கூடம்போல இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரையும் உட்காரவைத்து, விளக்குகளை அணைக்கச் சொன்னாள் வழிகாட்டி. அணைத்தார்கள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு இருட்டு.

"எந்த ஸ்டாப்புமா இது?" என்றார் மாமனார்.

மகள் சிரிக்க ஆரம்பித்து, அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து, வழிகாட்டியையும் தொற்றிக்கொண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, மனைவி அவர் தோளில் சாய்ந்துகொண்டது அவருக்குத் தெரிந்தது. ஈரமும் மண்ணுமாக இருந்தாள்.

"நல்லா இருக்குங்க இங்க," என்றாள்.

"எது?"

"ஒண்ணுமே தெரியல. யாரோட எலும்பும் தெரியல."

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வந்ததற்கு இது போதும் என்று இருந்தது அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து விளக்குகள் எரிந்தபோது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல வழிகாட்டியிடம் கேட்டார்.

"வெளிய போக வேற வழி இருக்கும்ல?"

"வந்த வழிதான் சார்."

சாப்பாடு, கழிப்பறை, மழை வந்தால் என்ன, இன்ஷூரன்ஸ் உண்டா என்றெல்லாம் அன்றைக்குப் பயண அலுவலகத்தில் பணம் கட்டும்போது துருவித் துருவிக் கேட்டவர், இதைக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை மோவாயைச் சிராய்த்துக்கொண்டும், ஆரஞ்சு உடையின் பைப் பொத்தான் ஒன்றைக் குகைக்குக் காணிக்கை கொடுத்தும் வந்து சேர்ந்தார். வெளியே வெயிலில் கண் கூசியது. மனைவி ஒவ்வொருவராக நிறுத்தி, கை காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, முகம் கழுவப் போனாள். அவர் வாசலில் இருந்த மரப்பெஞ்சில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்தார்.

அடுத்த குழு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆரஞ்சு உடையின் ஜிப் வயிற்றுக்கு மேல் ஏற மறுத்துக்கொண்டிருந்தது. அவர் இவரைப் பார்த்ததும் மெல்லப் பக்கத்தில் வந்து, தன் வீட்டுக்காரிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள எப்படிங்க? இடம் தாராளமா இருக்குமா?"

இவர் அந்த வயிற்றைப் பார்த்தார். குகை வாயைப் பார்த்தார். மறுபடியும் வயிற்றைப் பார்த்தார்.

"காலையில சாப்ட்டீங்களா?"

"ஓட்டல்ல எவ்வளவு வேணாலும் போட்டுக்கங்கன்னு வச்சிருந்தாங்க."

"போட்டுக்கிட்டீங்களா?"

"மூணு தடவை."

இவர் பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"சாயங்காலம் ஒரு குழு போகுதாம். அதுவரைக்கும் இப்படி உக்காருங்க."