இட்லிக்கு மார்க் போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை செல்லூரில் ஒரு வீட்டில் இட்லி சாப்பிட்டேன். பசிக்காக அல்ல – விஞ்ஞானத்துக்காக!

நண்பர் பரமசிவம் கல்லூரி விரிவுரையாளர். டாக்டர் பட்டத்துக்கு இட்லியின் மென்மையை ஆராய்கிறார். அவரிடம் ஒரு மெஷின் உண்டு. இட்லிக்குள் ஒரு கம்பியை இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டும். மெஷின் சொல்வதும் மனிதர் வாய் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால்...?

"தீசிஸ் குப்பைக்குத்தாண்ணே. அஞ்சு வருச உழைப்பு" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

மென்மைக்கு மார்க் போடச் சொல்லித் தெருக்காரர்களை உட்கார வைத்தோம். முதல் பந்திக்கு, உளுந்தை வேண்டுமென்றே குறைத்து அவித்த இட்லி. கம்பி இறங்க மறுத்த ரகம். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் முத்தையா மென்றார்... மென்றார்... கண்ணில் நீர் கோத்தது.

"பூ மாதிரி இருக்கு. நூத்துக்கு நூறு போட்டுக்க மாப்ள!"

"மச்சான், உள்ளதைச் சொல்லுங்க!" என்று கெஞ்சினார் பரமசிவம்.

"தங்கச்சி விடியக்காலம் எந்திரிச்சு அவிச்சுப் போட்டிருக்கு. கைய நனைச்சுட்டுக் குறை சொல்லவா? நல்லாவா இருக்கும்?"

அத்தனை பேரும் நூறு!

பரமசிவம் தந்திரத்தை மாற்றினார். அடுத்த பந்திக்கு நிஜமாகவே பஞ்சு இட்லி. ஆனால், "ஓட்டல்ல வாங்கினது" என்று ஒரு பொய்.

"த்தூ... ரப்பரு! காசு வாங்கிட்டு இப்படியா போடுவான்?" என்றார் அதே முத்தையா.

பரமசிவம் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது அவர் மனைவி காலி வாளியோடு வந்து சத்தம் போட்டார்: "முதப் பந்தியிலயே சாம்பார் தீந்துபோச்சு! அந்தக் கல்லுக்கு எம்புட்டுத்தான் ஊத்துறது? ரெண்டாம் பந்தியில ஒருத்தரும் கேக்கல."

பரமசிவம் நிமிர்ந்தார். "அண்ணே... வாயக் கேட்டாத்தான பொய் சொல்லுது? சாம்பார அளந்தா?"

இந்த வாரம் முழுக்க அளந்தார். கம்பி இறங்காத இட்லிக்குச் சாம்பார் அதிகம். இறங்கிய இட்லிக்குக் குறைவு. மெஷினும் மனிதரும் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டார்கள். பரமசிவம் எனக்கு லட்டு கொடுத்தார்.

நம் ஊரில் அபிப்பிராயம் என்பது மரியாதை. உண்மை, கை நீளும் பக்கம் இருக்கிறது.

இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். என் மனைவி இப்போதெல்லாம் "இட்லி எப்படி?" என்று கேட்பதில்லை. சாம்பார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்று காலை நாலு இட்லியையும் வெறுமனே விழுங்கினேன்... விக்கல் இன்னும் நிற்கவில்லை.