பெருமாள்சாமி போட்ட நாலு கையெழுத்து

பெருமாள்சாமி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருப்பார். வேட்டி நுனியில் விரல்களைத் துடைப்பார். பிறகு தாளுக்கு மேலே அரை அங்குல உயரத்தில், காற்றிலேயே ஒருமுறை தன் பெயரை எழுதிப் பார்ப்பார். முனை தாளைத் தொடாது. சரியாக வந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டால்தான் பேனா இறங்கும். ஒரு எழுத்தையும் விழுங்க மாட்டார். பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. புள்ளி இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெருத்துவிட்டால் மற்றதையும் அழுத்திப் பெருக்கிவிடுவார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டிக்குக் கிழக்கே, டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர். ஆடு மேய்த்த குடும்பம். அப்பா காலத்தில்தான் கரிசலில் நிலம் வாங்கினார்கள். நான்கு அண்ணன் தம்பிகளில் இவர் கடைசி. பாகம் பிரித்தபோது எந்தக் காடு வேண்டும் என்று இவரை யாரும் கேட்கவில்லை. மூன்று ஏக்கரைக் காட்டி இது உனக்கு என்றார்கள். பெண் பார்க்கப் போனபோதும் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. பூங்கொடியைப் பிடித்துத்தான் இருந்தது, அது வேறு விஷயம். வீட்டில் இருக்கிற இருபத்திரண்டு வெள்ளாடும் பூங்கொடியின் குரலுக்குத்தான் திரும்பும். இவர் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயும்.

அப்படிப்பட்டவரிடம் படித்த பிள்ளைகள் வந்து, தாளை நீட்டி, "உங்க சம்மதம் இல்லாம நாங்க காட்டுல கால் வைக்க மாட்டோம்" என்று சொன்னால் நெஞ்சுக்குள் என்னவோ செய்யாதா?

முதலில் வந்தது முத்துசெல்வம். வேளாண்மை படிக்கிறவன். உழாத கரிசல் எத்தனை நாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது அவனுடைய ஆராய்ச்சி. வைகாசியில் காட்டின் நட்டநடுவே, தெற்கு வரப்பிலிருந்து வடக்கு வரப்பு வரை, பத்தடி அகலத்துக்கு வெள்ளைக் குச்சி நட்டுப் பட்டை பிரித்தான். முதல் பெருமழை பெய்து முடிகிற வரைக்கும் அந்தப் பட்டையில் கலப்பையும் படக்கூடாது, சக்கரமும் படக்கூடாது. பெருமாள்சாமி கையெழுத்துப் போட்டார்.

ஆனியில் இசக்கிராஜா. கட்டடப் பொறியியல். கரிசலில் கட்டின வீடெல்லாம் ஏன் சுவர் பிளக்கிறது என்று பார்க்கிறவன்.

"அதுக்கு வீட்டையில்லா பாக்கணும், காட்டை எதுக்குப் பாக்க?" என்று பூங்கொடி கேட்டாள்.

"வீடு வெடிக்கதுக்கு முன்னாடி தரைதான வெடிக்கி அக்கா" என்றான் அவன்.

அந்த வருஷம் கோடை மழை தப்பிவிட்டதால் யாரும் கோடை உழவு உழவில்லை. காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேற்கு ஓரத்தில் ஒரு வெடிப்பு, முழங்கை வரைக்கும் கை போகும். அதன் இரண்டு கரையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, வாரம் ஒருமுறை இசக்கிராஜா அளந்தான். மழை வந்து தானாக அது மூடுகிற வரை சுற்றி முப்பதடிக்கு வண்டி வரக்கூடாது. அதற்கும் ஒரு கையெழுத்து.

ஆடியில் கிருஷ்ணப்ரியா. பொருளாதாரம். அவளுக்குக் காடு வேண்டாம், பெருமாள்சாமிதான் வேண்டும். மழையை நம்பி விதைக்கிறவன் எந்த நாளில் விதைக்க முடிவெடுக்கிறான், எதனால் மாற்றுகிறான் என்று அறுபது பேரைச் சனிக்கிழமை தோறும் கேட்டுவந்தாள். "எனக்காக எதையும் மாத்திராதீங்க அய்யா. எங்கிட்ட யோசனையும் கேக்காதீங்க. நான் வாயைத் திறந்தா ஆராய்ச்சியே கெட்டுப்போயிரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மூன்றாவது கையெழுத்து.

புரட்டாசி இரண்டாம் தேதி பொழுது அடைகிற நேரத்தில் வானத்தில் ஒரு பச்சை வெளிச்சம் மேற்கேயிருந்து கிழக்கே ஓடி அறுந்தது. ஊரே பார்த்தது. மூன்றாம் நாள் காவியா வந்தாள். வானியல். எங்கெங்கோ செல்போனில் பிடித்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டு, விண்கல் விழுந்த இடம் இந்தச் சுற்றுவட்டாரம்தான் என்றாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள், "விதைக்க நேரத்துல கல்லு பொறுக்க வந்துட்டாளுக" என்று விரட்டிவிட்டார்கள். பெருமாள்சாமி விரட்டவில்லை. அவருடைய கிழக்கு வரப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கரிய கல் கிடைத்தது. காந்தத்தில் ஒட்டியது. காவியா அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு சின்னப்பிள்ளை போலக் குதித்தாள். கிழக்குப் பாதி முழுவதையும் அடி அடியாக நடந்து பார்க்க வேண்டும், பத்து நாள் மண்ணைப் புரட்டாமல் விட வேண்டும் என்றாள். கையெழுத்துப் போடும்போது பெருமாள்சாமிக்கு முதல் தடவையாக விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் புள்ளி இரண்டும் சரியாக விழுந்தன.

மறுநாளிலிருந்து காவியாவும் கூட வந்த இரண்டு பேரும் வரிசையாகக் குனிந்து நடந்தார்கள். பூங்கொடியின் ஆடுகள் ஆடி முழுக்க மேய்ந்த காடு அது. கறுப்பாக, உருண்டையாக எதைக் கண்டாலும் அவர்கள் உட்கார்ந்து காந்தத்தை நீட்டினார்கள்.

வரப்பில் நின்ற பூங்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏ பிள்ளைகளா, அது வானத்துலேருந்து விழலை. எங்க செவலைக் கிடாகிட்டேருந்து விழுந்தது."

சிரிப்பெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். சனிக்கிழமை, பத்தாம் தேதி, கடற்கரையின் டிராக்டர் ஊருக்கு வருகிறது. கடற்கரை குளத்தூர்க்காரர். புரட்டாசி பிறந்தால் ஊர் ஊராக வந்து விதைத்துக் கொடுப்பார். ஓர் ஊருக்கு ஒரு நாள். கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைத் தூவி, மேலே ஒரு சால் ஓட்டி மூடிவிட வேண்டும். விதைப்பு பிந்தி, மழை முந்திவிட்டால் காடு பசையாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளைக்குக் கால் வைக்க முடியாது. அதன் பிறகு போடுகிற உளுந்துக்குக் காய் பிடிக்கிற நேரத்தில் ஈரம் இருக்காது. மூன்று ஏக்கருக்கான விதை உளுந்து சாக்கில் தயாராக இருந்தது. அந்த வருஷத்துக்கு வேறு வெள்ளாமை கிடையாது.

"ஏங்க, நாளைக்கு உழுவமா இல்லையா?" என்றாள் பூங்கொடி.

"உழுவம், உழுவம்."

"எங்கன உழுவீக? தாலுகா ஆபீஸ்ல போடுததைவிடக் கூடுதலா கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீகளே."

"ஏட்டி, சும்மா கெட. நான் கேட்டுக்கிடுதேன்."

கேட்டார். சனிக்கிழமை விடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கும் தெருவுக்குமாக நடந்தார்.

முத்துசெல்வம் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "அண்ணாச்சி, தாராளமா உழுங்க. நம்ம பட்டையை மட்டும் விட்டுருங்க. நாலு மாச வேலை அது."

இசக்கிராஜாவும் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை: "உழுங்க அண்ணாச்சி. வெடிப்புகிட்ட மட்டும் டிராக்டர் வரவேண்டாம். வெயிட்டுல ஒரு மில்லிமீட்டர் நகந்தாலும் அம்புட்டும் போச்சு."

காவியா கெஞ்சினாள்: "இன்னும் அஞ்சு நாள் அய்யா. அஞ்சே அஞ்சு நாள். இந்த மாதிரி கல்லு என் ஆயுசுல இன்னொரு தடவை கிடைக்காது."

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு பேர் உழுங்கள் என்றே சொன்னார்கள். பெருமாள்சாமி தெருப் புழுதியில் குச்சியால் காட்டை வரைந்தார். கிழக்குப் பாதியை அடித்தார். நடுப் பட்டையை அடித்தார். மேற்கே வெடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு அடித்தார். மிச்சம் இருந்தது முறத்தின் வாய் மாதிரி ஒரு துண்டு. காலால் அழித்தார். மறுபடி வரைந்தார். துண்டு பெரிதாகவில்லை.

பதினோரு மணிக்குக் கடற்கரை டிராக்டரை வரப்போரம் நிறுத்தி, இறங்காமலே பார்த்தார். வெள்ளைக் குச்சி, ஆணி, நூல், குனிந்து நடக்கிற மூன்று பேர்.

"என்ன அண்ணாச்சி, காட்டுல கல்யாணமா? பந்தல் போட்ட மாதிரி இருக்கு."

"ஆராய்ச்சி அண்ணாச்சி."

"சரி, எந்தப் பக்கம் எறங்க?"

பெருமாள்சாமி கையை நீட்டினார். நீட்டிய கை எந்தத் திசையிலும் நிற்கவில்லை.

"இதுல வண்டி திரும்பணும்னா பறந்துதான் திரும்பணும். ஒரு வார்த்தை சொல்லும், எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன். இல்லைன்னா மத்த காட்டை முடிச்சுட்டு நான் மத்தியானமே கெளம்பிருவேன். இனி வியாழக்கிழமைதான் இந்தப் பக்கம்."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கடற்கரை எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். காவியா தூரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பெருமாள்சாமி நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். "நீங்க போங்க அண்ணாச்சி. வியாழக்கிழமை பாத்துக்கிடுவோம்" என்று அவர் சொன்னது அவருக்கே வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

பன்னிரண்டரை மணிக்கு வழக்கம்போலக் கிருஷ்ணப்ரியா தாள்களோடு வந்தாள். "இந்த வாரம் விதைச்சீங்களா அய்யா?"

"இல்லம்மா."

"என்ன காரணம்? விதை இல்லையா, வண்டி இல்லையா, ஆள் இல்லையா, மழை மேல நம்பிக்கை இல்லையா?"

அவர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, "நீயே சொல்லும்மா. படிச்ச பிள்ளை. உழவா, வேண்டாமா?" என்றார்.

கிருஷ்ணப்ரியாவின் பேனா தாளில் ஊன்றியபடி நின்றது. தலையைத் தூக்கிக் காட்டைப் பார்த்தாள். தெற்கே மேகம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. "நான் சொல்லக் கூடாதுல்லா அய்யா" என்றாள். தாளை மடித்து வைத்துக்கொண்டு, பதிலை எழுதாமலே எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு பெருமாள்சாமியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார், தாகம் அடங்கவில்லை. மூன்று மணி இருக்கும். சட்டென்று, போதும் என்று பட்டது. குச்சியாவது நூலாவது. விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தார். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வேகம் குறையவில்லை. தொட்டியடியில் வந்ததும், கடற்கரை இந்நேரம் விளாத்திகுளத்தைத் தாண்டியிருப்பாரே என்று தோன்றியது. செல்போனை எடுத்தார். பெயரைத் தேடி எடுத்தார். காலையில் தன் வாயாலேயே போகச் சொன்ன மனுஷனை மத்தியானம் எந்த முகத்தோடு கூப்பிடுவது? கட்டை விரல் பெயருக்கு மேலேயே நின்றது. அழுத்தவில்லை. வந்த வழியே திரும்பினார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மேகம் வந்தது, கலைந்தது. புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது முதல் துளி விழுந்தது. கை கழுவின தண்ணீர்தான் தெறித்தது என்று நினைத்தார். வாசலுக்கு வருவதற்குள் எதிர்வீடு தெரியவில்லை.

நனைந்துகொண்டே காட்டுக்கு ஓடினார். மேகத்தைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே பைக்கில் வந்திருந்த இசக்கிராஜா குடைக்குள் நின்று கடிகாரத்தையும் வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூடுது அண்ணாச்சி, கண்ணு முன்னாலயே மூடுது!" முத்துசெல்வம் போனில் கூப்பிட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று சந்தோஷமாகக் கேட்டான். காவியா மட்டும் கிழக்கு வரப்பில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தேடிய மிச்சக் கற்கள் வெடிப்புகளுக்குள் இறங்கி, மேலே மண் வாயை மூடிக்கொண்டிருந்தது. பெருமாள்சாமி அவள் பக்கத்தில் போய் நின்றார். ஆறுதல் சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. ஆனால் அவர் கண் பக்கத்துக் காடுகள்மேல்தான் இருந்தது. இரண்டு பக்கத்துக் காடும் விதையை மூடிக்கொண்டு மழையைக் குடித்தன.

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணப்ரியா வந்தாள். தாளை எடுக்கவில்லை. பூங்கொடி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க அய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அதன் பிறகு அவள் வரவில்லை. தான் பதிலை ஒழுங்காகச் சொல்லாததால் பிள்ளைக்குக் கோபம் போல என்று பெருமாள்சாமி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்டில் கால் வைக்க முடிந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. விதைத்தார். முளைத்தது, முழங்கால் வரை வந்தது. மார்கழியில் பக்கத்துக் காடுகளில் உளுந்தை அறுத்துக் களத்தில் போட்டபோது இவருடையது பூவில் நின்றது. காற்று வறண்டு, பூ உதிர்ந்தது. தை பிறந்ததும் பூங்கொடி ஆடுகளைக் காட்டுக்குள் ஓட்டினாள்.

மூன்று வருஷத்தில் நான்கு பேருமே பட்டம் வாங்கிவிட்டார்கள். முத்துசெல்வமும் இசக்கிராஜாவும் காவியாவும் தங்கள் ஆய்வேட்டில் பெருமாள்சாமிக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணப்ரியாவின் ஆய்வேட்டில் அவர் பெயர் இல்லை. அறுபது விவசாயிகளைக் கேட்டவள், ஐம்பத்தொன்பது பேரை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஆய்வாளரே ஒருவருடைய முடிவில் தலையிட்டுவிட்டதால் அவர் நீக்கப்பட்டார்.

என்ன தலையீடு என்பது பிறகு கடற்கரை சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிக்கொண்டிருந்த டிராக்டரை மறித்து, பெருமாள்சாமி எப்படியும் தேடி வருவார், அதுவரை போக வேண்டாம், நான் சொன்னதாக அவரிடம் சொல்லவும் வேண்டாம் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். கடற்கரை ஆறு மணி டவுன் பஸ் வந்து திரும்புகிற வரைக்கும் ஊர் முகப்பில், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த வளைவில், டிராக்டரோடு உட்கார்ந்திருந்தார்.